போன்ல ஏறுது, பில்லுல ஏறுது, ஆள் மேலயும் ஏறுது... ‘சார்ஜ்’ என்ற சொல் உண்மையில் என்னதான் சொல்கிறது?

காலையில் எழுந்ததும் முதல் கவலை, போன்ல எவ்வளவு சார்ஜ் இருக்கு. அடுத்து, ஆபீஸ் போக ஆட்டோ சார்ஜ் எவ்வளவு காட்டுது. அங்கே போனால் புது மேனேஜர் இன்னைக்குத்தான் சார்ஜ் எடுக்கிறார். மதியம் ஹோட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜ். சாயங்காலம் பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் இருந்து டிஸ்சார்ஜ் பண்றாங்க. ராத்திரி செய்தியைத் திறந்தால் ஏதோ ஒரு ஊரில் லத்தி சார்ஜ், ஏதோ ஒரு வழக்கில் சார்ஜ்ஷீட்.

ஒரே நாள், ஒரே சொல், ஏழு வேலை. இங்கிலீஷ் மீடியம், தமிழ் மீடியம் வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் இது புரிகிறது. ‘ஆட்டோ சார்ஜ்’ என்றால் யாரும் ஆட்டோவுக்கு பிளக் தேடுவதில்லை. (எலெக்ட்ரிக் ஆட்டோ வந்த பிறகு அதுவும் நடக்கலாம், அது வேற கதை.) ஏழில் ஆறு இடத்தில் நாம் தடுமாறுவதே இல்லை. தடுமாறுவது ஏழாவது இடத்தில், அதாவது சார்ஜ்ஷீட்டில். அங்கே தடுமாறினால் அடிபடுவது இன்னொருத்தரோட பேர், வேலை, கல்யாணம் எல்லாம்.

அதனால்தான் இந்தச் சொல்லை ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குப் பல அர்த்தம் இருப்பது புதிதல்ல. 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 அர்த்தங்கள். மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலையில் 2011-ல் ‘ரன்’ அதைத் தாண்டி 645-ஐத் தொட்டது. இந்தப் பந்தயத்தில் ‘சார்ஜ்’ முதல் வரிசையில் இல்லை. ஆனால் ‘செட்’டின் 430-ல் நம்ம ஊர்ப் பேச்சுக்குள் வந்தது ஏழெட்டு இருந்தால் அதிகம். ‘சார்ஜ்’ அப்படியில்லை, ஏறக்குறைய தன் குடும்பத்தோடயே இங்கே குடிவந்துவிட்டது.

வண்டியில் ஏற்றிய சுமை

லத்தீனில் ‘கர்ருஸ்’ என்றால் சக்கர வண்டி. அதில் சரக்கு ஏற்றுவதற்கான வினைச்சொல் ‘கர்ரிகாரே’. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ஜ்’ ஆனது. கார், கேரி, கார்கோ எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள். கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் ‘கேரிகேச்சர்’கூட இத்தாலிய மொழியில் ‘சுமை ஏற்றிய படம்’ என்ற பொருளில் கிளம்பியதுதான். மூக்கு பெரிசா இருக்கிற தலைவருக்கு இன்னும் ரெண்டு கிலோ மூக்கு ஏத்துறாங்க இல்லையா, அதுதான் அந்தச் சுமை.

ஆக, அடிப்படை அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: சுமை ஏற்றுவது. மீதி எல்லாம், எதன் மேல் எதை ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்துக் கிளைத்தவை. ஒருவர் மேல் வேலையை ஏற்றினால் பொறுப்பு. செலவை ஏற்றினால் கட்டணம். பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு.

‘அட, இங்கிலீஷ்காரன் எப்படியெல்லாம் யோசிச்சிருக்கான்’ என்று வியக்கும் முன், நம்ம வீட்டுப் பேச்சை ஒரு நிமிஷம் கவனியுங்கள். ‘அந்த வேலையையும் என் தலையில கட்டிட்டாங்க.’ ‘மொத்தச் செலவும் என் தலையில விழுந்துச்சு.’ ‘பழியைத் தூக்கி என் தலையில போடாத.’ பொறுப்பு, கட்டணம், குற்றச்சாட்டு மூன்றையும் நாமும் ஒரே இடத்தில்தான் வைத்திருக்கிறோம். அவர்களுக்கு வண்டி, நமக்குத் தலை. ‘குற்றம் சுமத்துதல்’ என்ற நம்முடைய தொடரை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே பழைய பிரெஞ்சில் வைத்தால்கூட ஒட்டிக்கொள்ளும்.

இன்னும் சுவாரஸ்யம், நாம் இந்த ஆங்கிலச் சொல்லோடு சேர்க்கும் தமிழ் வினை. சார்ஜ் ‘ஏறுது’, சார்ஜ் ‘இறங்குது’. லாரியில் சரக்கு ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் சொல்லும் அதே ஏறு, இறங்கு. லத்தீன் வண்டியைப் பற்றி யாரும் நமக்குப் பாடம் எடுக்கவில்லை, ஆனாலும் சொல்லின் வேர் இருக்கிற இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறோம். பஸ் சார்ஜும் ‘ஏறும்’. இறங்குவதுதான் அபூர்வம். 2018 ஜனவரியில் தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணத்தை உயர்த்தி, மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகு அதே மாதக் கடைசியில் கொஞ்சம் குறைத்தார்களே, அப்படி எப்போதாவது நடந்தால் உண்டு.

பீரங்கியிலிருந்து போனுக்கு

போன் சார்ஜ் எப்படி வந்தது? நடுவில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. பழைய காலத்துத் துப்பாக்கியிலும் பீரங்கியிலும் ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் வெடிமருந்தை உள்ளே கெட்டிக்க வேண்டும். அப்படி ஏற்றும் ஒரு அளவு மருந்துக்குப் பெயர் ‘சார்ஜ்’. 1740-களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கண்ணாடி ஜாடிகளில் மின்சாரத்தைத் தேக்கிச் சோதனைகள் செய்தபோது, ஜாடியில் ஏற்றியதற்கும் இந்தச் சொல்லே பொருத்தமாகப் பட்டது. வரிசையாக இணைத்து வைத்த அந்த ஜாடி அமைப்புக்கு அவர் கொடுத்த பெயர் ‘பேட்டரி’. அதுவும் ராணுவச் சொல்தான், பீரங்கி வரிசை என்று அர்த்தம். ஆக நம்ம பாக்கெட்டில் இருக்கும் பேட்டரி, சார்ஜ் இரண்டுமே போர்க்களத்தில் இருந்து வந்தவை.

போன் வாங்கும்போது 5,000 எம்.ஏ.ஹெச் என்று போட்டிருப்பார்களே, அது உண்மையிலேயே மின்னூட்டத்தின் அளவு. இயற்பியல் புத்தகத்தின் அலகில் சொன்னால் 18,000 கூலூம். ஆனால் ‘சார்ஜ் தீர்ந்துடுச்சு’ என்பது அறிவியல்படி சரியில்லை. எலெக்ட்ரான்கள் எங்கேயும் தீர்ந்து போவதில்லை, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போகின்றன, அவ்வளவுதான். தீர்வது ஆற்றல். இந்தத் தவறால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால் விட்டுவிடலாம்.

நஷ்டம் வருகிற இடம் பில்.

கட்டணத்துக்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் இருக்கின்றன. பஸ், ரயில், ஆட்டோவுக்குக் கொடுப்பது ‘ஃபேர்’. பயணம் போவதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, ‘ஃபேர்வெல்’லில் இருப்பதும் அதே ‘ஃபேர்’தான். டாக்டர், வக்கீல், காலேஜுக்கு ‘ஃபீஸ்’. நெடுஞ்சாலையில் ‘டோல்’. தப்பு செய்து கட்டுவது ‘ஃபைன்’, அதற்கு மூலம் ‘முடிவு’ என்ற லத்தீன் சொல், காசைக் கட்டி விஷயத்தை முடிச்சுக்கிறது. நாம் இதில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் ‘சார்ஜ்’ என்கிறோம். பேச்சில் தப்பே இல்லை. பில்லில் மட்டும் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது.

உதாரணம், சர்வீஸ் சார்ஜ். அதை வரி என்று நினைத்துக் கட்டுகிறவர்கள் இன்னமும் நிறையப் பேர். ஜிஎஸ்டி அரசுக்குப் போவது, சர்வீஸ் சார்ஜ் அந்த ஹோட்டலுக்கே போவது. 2022 ஜூலை 4-ம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்தது. உணவக சங்கங்கள் நீதிமன்றம் போனதும் அதே மாதம் தடை விழுந்தது. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. விருப்பப்பட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கட்டாயம் ஆக்கக் கூடாது என்பதுதான் சாரம். மேல்முறையீடு என்று இழுபறி இருந்தாலும், ‘சார், இதை எடுத்துடுங்க’ என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். ஒத்துக்கவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொன்று நம்மில் பலருடைய மாதச் சம்பளத்தோடு சம்பந்தப்பட்டது. இஎம்ஐ ஒரு மாதம் தவறினால் வங்கிகள் ‘அபராத வட்டி’ போடும், அந்த வட்டிக்கும் வட்டி ஏறும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு சுற்றறிக்கை போட்டது. இனிமேல் அது ‘வட்டி’யாக இருக்கக் கூடாது, ‘சார்ஜ்’ ஆகத்தான் இருக்கணும், அந்த சார்ஜை அசலோடு சேர்த்து அதற்கு மேல் வட்டி கணக்குப் போடக் கூடாது. புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. (கிரெடிட் கார்டுக்கு இது பொருந்தாது, சந்தோஷப்பட்டுவிட வேண்டாம்.) ‘வட்டி’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘சார்ஜ்’ என்ற சொல்லை வைத்தார்கள், கட்ட வேண்டிய தொகையே மாறிவிட்டது. சொல்லைப் பற்றிப் பேசுவது வெட்டிவேலை என்கிறவர்களிடம் காட்டுவதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை.

எடுத்தால் பொறுப்பு, வாங்கினால் விசாரணை

அரசு அலுவலகங்களில் இந்தச் சொல் இரண்டு முகத்தோடும் பக்கத்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். ‘அவர் நேத்து சார்ஜ் எடுத்துட்டார்’ என்றால் பதவி ஏற்றுக்கொண்டார். ‘அவருக்கு 17பி சார்ஜ் கொடுத்துட்டாங்க’ என்றால் கதை வேறு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(அ) சின்னத் தண்டனைகளுக்கான நடைமுறை, 17(ஆ) பெரிய தண்டனைகளுக்கானது. ஒரே ஊழியர் ஜனவரியில் சார்ஜ் எடுத்து, ஜூனில் சார்ஜ் வாங்கலாம். தமிழில் வினையை மட்டும் மாற்றி இந்த வித்தியாசத்தை அழகாகச் சமாளித்துவிட்டோம்.

ஆங்கிலத்திலோ, ஒரு ‘தி’ போதும், தலைகீழாகிவிடும். ‘நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி சைல்ட்’ என்றால் குழந்தை நர்ஸின் பொறுப்பில். ‘தி சைல்ட் இஸ் இன் தி சார்ஜ் ஆஃப் தி நர்ஸ்’ என்றாலும் அதேதான், ஆனால் பொறுப்பில் இருக்கும் ஆள் வாக்கியத்தின் இன்னொரு முனைக்குப் போய்விட்டார். இந்த ‘தி’யை விட்டுவிட்டால் குழந்தை நர்ஸைப் பார்த்துக்கொள்ளும். தூதரகச் செய்திகளில் வரும் ‘ஷார்ஜே தஃபேர்’ இதே சொல்லின் பிரெஞ்சு வடிவம், ‘காரியங்களின் பொறுப்பு ஏற்றப்பட்டவர்’. தமிழில் பொறுப்புத் தூதர். 2019 ஆகஸ்டுக்குப் பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் தலைநகரில் இன்னொன்று முழு அந்தஸ்துத் தூதரை வைத்துக்கொள்ளாமல், இவர்களை வைத்தே காலம் தள்ளுகின்றன.

லத்தி சார்ஜைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாய்ந்து தாக்குவது என்ற ராணுவ அர்த்தம், நம் நாட்டு லத்தியோடு சேர்ந்து இந்திய ஆங்கிலத்தில் உருவான தொடர். தமிழில் ‘தடியடி’ என்ற நேரடியான சொல் இருக்கிறது. அதற்கு முன்னால் ‘லேசான’ என்று ஒட்டிக்கொண்டு வரும் ஒன்றுதான் எனக்குப் புரிவதில்லை. லேசா, பலமா என்பதை அடி வாங்கினவர்தான் சொல்லணும், அடிச்ச தரப்பு இல்லை.

இப்போது ஏழாவது இடம்

சார்ஜ்ஷீட். தமிழில் குற்றப்பத்திரிகை. சொல்லைக் கேட்டதும் என்ன தோன்றுகிறது? குற்றம் உறுதியாகிவிட்டது, எழுத்தில் பதிந்துவிட்டார்கள், அவ்வளவுதான் ஆள் முடிஞ்சான். இல்லையா?

உண்மையில் அது போலீஸ் தரப்பு தன் விசாரணையை முடித்து நீதிமன்றத்தில் கொடுக்கும் அறிக்கை. சட்டப் பிரிவின் வாசகமே அதை ‘போலீஸ் அறிக்கை’ என்றுதான் சொல்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, 2024 ஜூலை 1-க்குப் பிறகு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-வது பிரிவு. ‘எங்கள் விசாரணையில் இவர் மேல் இன்னின்ன சுமையை ஏற்றலாம் என்று கருதுகிறோம்’ என்று சொல்லும் காகிதம் அது. எதிர்த்தரப்பு வாயே திறக்காத கட்டம்.

அதற்குப் பிறகு நீதிபதி அதைப் படிக்க வேண்டும். இதில் வழக்கு நடத்த முகாந்திரமே இல்லை என்றால் அங்கேயே விடுவித்துவிடலாம். முகாந்திரம் இருந்தால் ‘குற்றச்சாட்டு பதிவு’ செய்வார். ஆங்கிலத்தில் ‘சார்ஜஸ் ஃபிரேம்டு’ என்பது இதுதான். போலீஸ் கொடுத்த சார்ஜ்ஷீட் வேறு, நீதிமன்றம் பதிவு செய்யும் சார்ஜ் வேறு. அதைப் படித்துக் காட்டி, ‘ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா’ என்று கேட்பார்கள். மறுத்தால், அப்போதுதான் சாட்சிகளின் விசாரணையே ஆரம்பம். நாம் செய்தியில் ‘எல்லாம் முடிந்தது’ என்று நினைக்கும் கட்டத்தில் வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

தொடங்கிய வழக்கெல்லாம் தண்டனையில் முடிகிறதா என்றால், அதுவும் இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, விசாரணை முடிந்த ஐபிசி வழக்குகளில் தண்டனையில் முடிந்தவை பாதியைக் கொஞ்சம்தான் தாண்டுகின்றன. அதாவது, சார்ஜ்ஷீட் அன்றைக்கு நீங்கள் ‘இவன்தான் செஞ்சிருப்பான்’ என்று ஷேர் பண்ணுகிற இரண்டு பேரில் கிட்டத்தட்ட ஒருவர் வெளியே வந்துவிடுகிறார். அவர்கள் எல்லாருமே நிரபராதிகள் என்று சொல்லவில்லை. சாட்சி மாறியிருக்கும், விசாரணை சொதப்பியிருக்கும். ஆனால் சார்ஜ் என்பது தீர்ப்பில்லை.

அமெரிக்கச் செய்திகளைத் தமிழில் தரும்போதும் இதே வழுக்கல்தான். டொனால்டு டிரம்ப் மீது நியூயார்க் வழக்கில் 2023 மார்ச் 30-ல் ‘இன்டைக்ட்மென்ட்’ வந்தது. அதாவது, முறையான குற்றச்சாட்டு. 34 பிரிவுகளிலும் அவர் குற்றவாளி என்று ஜூரி சொன்னது 2024 மே 30-ல். இடையில் பதினான்கு மாதம். ‘இம்பீச்மென்ட்’ என்பதும் அப்படியே. பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டுவது மட்டும்தான் அது, பதவி நீக்கம் கிடையாது. டிரம்ப் இரண்டு முறை, 2019 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் இம்பீச் செய்யப்பட்டார். இரண்டு முறையும் செனட் விடுவித்துவிட்டது. இதைப் ‘பதவி நீக்கம்’ என்று மொழிபெயர்த்தால், நீக்கப்பட்டவர் எப்படி மறுபடி ஆபீஸுக்கு வந்தார் என்று வாசகர் குழம்பத்தான் செய்வார்.

நம் ஊர் அரசியலுக்கும் இந்தப் படிநிலைதான் அளவுகோல். குற்றச்சாட்டு பதிவான நிலையிலேயே ஒருவரைத் தேர்தலில் நிற்கத் தகுதியில்லாதவர் ஆக்க வேண்டும் என்று கேட்ட வழக்கில், 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு மறுத்துவிட்டது. வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் போடட்டும், வேட்பாளர்கள் தங்கள் வழக்கு விவரத்தை விளம்பரமாக வெளியிட வேண்டும் என்றது. இன்றும் தகுதியிழப்பு வருவது தண்டனைக்குப் பிறகுதான். இது சரியா என்பது நியாயமான விவாதம், நானே சில நாள் ஒரு பக்கம், சில நாள் இன்னொரு பக்கம். ஆனால் அந்த விவாதத்தைச் செய்யவாவது சார்ஜுக்கும் தண்டனைக்கும் உள்ள தூரம் தெரிந்திருக்கணும்.

அரசியல்வாதிக்காவது மறுப்பு அறிக்கை விட ஆள் இருக்கிறது. ஒரு சாதாரண ஆளை யோசியுங்கள். 27 வயது, ஐடி வேலை, ஒரு பணப் பரிமாற்றத் தகராறில் பேர் இழுபட்டு சார்ஜ்ஷீட்டில் வந்துவிட்டது. அன்றைக்கு ‘மோசடிக் குற்றவாளி’ என்று தலைப்பு. மூன்று வருடம் கழித்து விடுதலை. அந்தச் செய்தி ஒரு மூலையில் வரும், அல்லது வராது. கூகுளில் முதலில் வருவது பழைய தலைப்புதான். புது கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் ஹெச்.ஆர் பார்ப்பதும், பெண் பார்க்க வரும் வீட்டுக்காரர்கள் தேடுவதும் அதே பக்கத்தைத்தான்.

இது கற்பனைக் கவலை இல்லை. ஒரு வழக்கில் இருந்து முழுவதுமாக விடுதலையான ஒருவர், இணையத்தில் கிடைக்கும் தீர்ப்பு நகலில் தன் பெயரை மறைக்க வேண்டும் என்று கேட்டுப் போராடினார். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, இதற்குச் சட்டம் இல்லை என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அவர் கேட்டதை ஏற்றது. அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. விடுதலை வாங்கியும் பேரை இறக்கி வைக்க ஒரு மனுஷன் டெல்லி வரை போக வேண்டியிருக்கிறது.

இடம் போதாது என்பது காரணமா?

‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்பது நீளமான சொல், நோட்டிஃபிகேஷனில் அடங்காது என்று எங்கள் தொழிலில் ஒரு வாதம் உண்டு. எண்ணிப் பார்த்தால் பதிமூன்று எழுத்து. ‘குற்றவாளி’ ஐந்தே எழுத்து. போன் திரையில் தலைப்பு வெட்டுப்படாமல் தெரிய வேண்டும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ‘கைதானவர்’ என்பதும் ஐந்தே எழுத்துதான். இன்னும் கைதாகவில்லையா, ‘வழக்கில் சிக்கியவர்’, ‘புகாருக்கு ஆளானவர்’. ஒரு சொல் கூடும், அவ்வளவுதான். இலங்கைத் தமிழ்ச் செய்திகளைப் பாருங்கள், தீர்ப்புக்கு முன்பு ‘சந்தேகநபர்’ என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். கைது செய்த பிறகும் அதே சொல். நமக்குக் கொஞ்சம் வேடிக்கையாகக்கூடத் தெரியும், ஆனால் அதில் இருக்கும் நிதானம் இங்கே ‘குற்றவாளி கைது’ என்று வரும் தலைப்புகளில் இல்லை.

‘அப்போ பாதிக்கப்பட்டவங்களுக்கு என்ன நியாயம்?’ என்ற கேள்வி உடனே வரும், வரணும். பாதிக்கப்பட்டவரின் புகாரை நம்புவதும், விசாரணையை வேகப்படுத்தச் சொல்வதும், போலீஸைக் கேள்வி கேட்பதும் ‘குற்றவாளி’ என்று எழுதாமலேயே செய்யக்கூடியவை. சொல்லப்போனால், சார்ஜ்ஷீட்டையே தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு நாம் அன்றைக்கே திருப்தியாகி நகர்ந்துவிடுவதால்தான், அதன் பிறகு சாட்சிகள் ஒவ்வொருவராக மாறும்போது பார்க்க ஆள் இருப்பதில்லை.

இன்னொரு குழப்பம், ஜாமீன். ‘90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாததால் ஜாமீன்’ என்று செய்தி வந்தால் கமென்ட்டில் கொதிக்கிறார்கள். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் போலீஸ் சார்ஜ்ஷீட் கொடுக்கவில்லை என்றால், உள்ளே இருப்பவர் கேட்டால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். வழக்கு அப்படியே இருக்கும், ஆள்தான் வெளியே. கோபப்பட வேண்டியது நீதிபதி மேலா, காகிதத்தை நேரத்துக்குக் கொடுக்காதவர்கள் மேலா என்பது தெரிந்தால் கோபமாவது சரியான விலாசத்துக்குப் போகும்.

சுமையை இறக்குவது

ஏற்றுவது ‘சார்ஜ்’ என்றால் இறக்குவது ‘டிஸ்சார்ஜ்’. மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டதும் நீர்வளத் துறைக்காரர்கள் பேசுகிற டிஸ்சார்ஜ் கன அடிக் கணக்கில். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஓகே சொல்லும் நேரத்தைப் பொறுத்தது. ‘ரீசார்ஜ்’ மறுபடி ஏற்றுவது, நிலத்தடி நீருக்கு அதைத் தமிழில் ‘செறிவூட்டல்’ என்று அழகாகவே சொல்கிறோம்.

நீதிமன்ற டிஸ்சார்ஜில் மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது. அது ‘விடுவிப்பு’. விசாரணைக்கு முன்பே, முகாந்திரம் இல்லை என்று அனுப்புவது. புதிய ஆதாரம் வந்தால் வழக்கு திரும்ப உயிர் பெறலாம். முழு விசாரணை நடந்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்வது ‘விடுதலை’, ஆங்கிலத்தில் ‘அக்விட்டல்’. மேல்முறையீடு போகலாம், ஆனால் அதே குற்றத்துக்கு இன்னொரு முறை விசாரிக்க முடியாது. ஜெயிலில் தண்டனைக் காலம் முடிந்து வருவதையும் நாம் ‘விடுதலை’ என்றே எழுதுகிறோம். நிரபராதி என்று வெளியே வந்தவருக்கும், தண்டனை அனுபவித்து வெளியே வந்தவருக்கும் ஒரே சொல். தமிழ் சட்டச் சொல்லாக்கக்காரர்கள் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய சிக்கல் இது. அதுவரை ‘வழக்கில் இருந்து விடுதலை’, ‘சிறையில் இருந்து விடுதலை’ என்று நாலெழுத்து கூடுதலாகப் போடலாம்.

நம்ம ஊர்ப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, திரும்பத் தூக்கிக்கொண்டு போகும் உயரத்தில் நட்டிருப்பார்கள். பிரசவத்தில் இறந்த பெண்களின் நினைவாக வைத்தவை பல. இணையத்தில் அப்படி ஒரு கல்லை யாரும் நடவில்லை.

ஏதாவது ஒரு வழக்கைப் பற்றி உங்கள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை நடந்தால், அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். ‘ஈகோர்ட்ஸ் சர்வீசஸ்’ ஆப் இலவசம், அதாவது ஃப்ரீ ஆஃப் சார்ஜ். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர் என்று 16 இலக்க அடையாளம் உண்டு, எழுத்தும் எண்ணும் கலந்தது. அதைப் போட்டால், அல்லது நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்து வழக்கு எண்ணையும் வருடத்தையும் போட்டால், அடுத்த விசாரணைத் தேதியும் வழக்கின் நிலையும் வரும். குற்றச்சாட்டு பதிவுக்காக வைத்திருக்கிறார்களா, சாட்சி விசாரணையா, தீர்ப்புக்கா என்று அங்கேயே போட்டிருக்கும்.